நகரும் நீர்ப்பிரிமேடு: நிலத்தின் அசைவு ஆறுகளைத் திருப்பிய கதையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உகாண்டாவில் கடோங்கா என்றொரு ஆறு இருக்கிறது. வரைபடத்தில் ஒரே பெயர், ஒரே நீலக்கோடு. நடுவே பாப்பிரஸ் கோரை மண்டிய சதுப்பு. அந்தச் சதுப்புக்குக் கிழக்கே இருக்கும் நீர் விக்டோரியா ஏரிக்குப் போகிறது, மேற்கே இருக்கும் நீர் ஜார்ஜ் ஏரிக்குப் போகிறது. முன்பு முழு ஆறுமே மேற்கு நோக்கித்தான் ஓடியது. கண்டம் பிளந்து விலகும் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவின் மேற்குக் கிளை விரிய விரிய அதன் விளிம்பு மெல்ல உயர்ந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதி மேடாகிவிட, நீர் வந்த வழியே திரும்பியது. வடக்கே காஃபு, தெற்கே ககேரா ஆறுகளுக்கும் இதே கதைதான். இப்படித் திரும்பிய நீர் தேங்கித்தான் 68,800 சதுர கி.மீ. பரப்புள்ள விக்டோரியா ஏரி உருவானது. அவ்வளவு பெரிய ஏரிக்கு அதிகபட்ச ஆழம் 80 மீட்டர் அளவுதான். பிளவுக்குள்ளேயே கிடக்கும் டாங்கனிக்கா ஏரியோ 1,470 மீட்டர் ஆழம்.

நீர்ப்பிரிமேடு என்றால் இரண்டு வடிநிலங்களை, அதாவது இரண்டு ஆறுகளுக்கு நீர் தரும் நிலப்பரப்புகளை, பிரிக்கும் கோடு என்று பள்ளியில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கோடும் நகர்கிறது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எந்தப் பக்கம் நகர்கிறது, நகர்த்துவது நிலத்தின் அசைவா அல்லது வேறு ஏதாவதா என்பதை வீட்டில் இருந்தபடியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்கான வழிமுறைதான் இது. புவியியல் பட்டம் தேவையில்லை. ஒரு கணினி, இலவச மென்பொருள், கொஞ்சம் பொறுமை போதும். பொறுமை ஏன் என்றால், அழகான படம் கிடைத்ததும் முடிவுக்குத் தாவிவிடும் ஆசை இந்தத் துறையில் ரொம்ப அதிகம்.

முதலில் ஒரு அடிப்படை

இரண்டு வயல்களுக்கு நடுவே ஒரு வரப்பு. ஒருவர் தன் பக்கம் ஆண்டுதோறும் கொஞ்சம் ஆழமாகச் செதுக்குகிறார், மற்றவர் கண்டுகொள்வதில்லை. பத்து வருடம் கழித்து வரப்பு எங்கே இருக்கும்? நீர்ப்பிரிமேட்டின் கணக்கும் அதுவே. எந்தப் பக்கச் சரிவு வேகமாக அரிக்கப்படுகிறதோ, மேடு அந்தப் பக்கத்தை விட்டு விலகி மெதுவாக அரிக்கும் பக்கத்தை நோக்கி நகரும். இரண்டு பக்கமும் சம வேகத்தில் அரித்தால் மேடு தாழ்ந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அமெரிக்காவின் ஹென்றி மலைகளை ஆராய்ந்த ஜி.கே. கில்பர்ட் 1877-லேயே இதை விதியாக எழுதிவிட்டார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் கணினி வந்து அதை உலகம் முழுக்க அளந்து பார்க்க முடிந்தது.

நகர்வு இரண்டு வகையில் நடக்கும். ஒன்று, ஆண்டுக்கு மில்லிமீட்டருக்கும் குறைவாக, சத்தமில்லாமல். இன்னொன்று திடீர்க் கைமாற்றம்: வேகமாக அரிக்கும் ஓடை பின்னோக்கி அரித்துக்கொண்டே போய்ப் பக்கத்து ஆற்றின் படுகையையே தொட்டுவிடும். அந்த நொடியிலிருந்து மேலே உள்ள நீர் முழுவதும் புது வழியில் விழும். இதை ஆற்றுக் கவர்வு என்கிறோம். நீரை இழந்த ஆறு தன் பழைய அகலமான பள்ளத்தாக்கில் ஒல்லியாக ஓடும்.

படி 1: நிலம் என்ன செய்தது என்று கேளுங்கள்

கணினியைத் திறக்கும் முன் உங்கள் பகுதியில் நிலம் எப்படி அசைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் புக்கோஷ் தளத்தில் பிளவுக்கோடுகளும் (நிலத்துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகரும் விரிசல்கள்) பாறை வகைகளும் உள்ள படங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆறுகளைப் பொறுத்தவரை அசைவு நான்கு விதமாக வரும்.

ஆற்றின் குறுக்கே நிலம் எழலாம். அப்போது ஆற்றுக்கு முன்னால் இரண்டே வழி: எழும் வேகத்துக்கு ஈடாக அறுத்துக்கொண்டு அதே தடத்தில் நிற்பது, அல்லது தோற்று ஒதுங்குவது. அறுத்து நின்ற ஆறுகளில் நேபாளத்தின் அருண் என்னைக் கவர்ந்தது. திபெத்தில் பும் சூ என்ற பெயரில் பிறந்து, 8,485 மீட்டர் மகாலுவுக்கும் 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்காவுக்கும் இடையே இமயமலையையே குறுக்காக வெட்டி வருகிறது. சிந்து, சட்லெஜ் ஆறுகளும் மலைத்தொடருக்குப் பின்னால் பிறந்து அதைக் கடந்து வருபவை. தோற்ற ஆற்றைப் பார்க்கக் கலிபோர்னியாவின் வீலர் ரிட்ஜ் போதும். பூமி மடிந்து எழும் ஒரு சின்னக் குன்றுத்தொடர் அது, கிழக்கு நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு காலத்தில் ஆறு அறுத்த பள்ளம் இன்று நீரில்லாமல் குன்றின் நடுவே சேணம் மாதிரிக் கிடக்கிறது. காற்று மட்டும் போகும் கணவாய். அங்கே உள்ள நீரேற்று நிலையத்துக்குப் பெயரே விண்ட் கேப். ஆறு விட்டுப்போன இடத்தில் மனிதர் மோட்டார் வைத்து நீரை ஏற்றுகிறார்கள்.

இரண்டாவது, நிலம் சாயலாம். கடோங்கா அந்த வகை. முழு நிலப்பரப்பும் மிகச் சிறிய கோணத்தில் சாய்ந்தாலே, சமவெளி ஆறுகளின் சரிவு தலைகீழாகிவிடும். மலை ஆற்றுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கிலோமீட்டருக்கு 10 செ.மீ. மட்டும் இறங்கும் ஆற்றுக்கு அதுவே பேரிடி.

மூன்றாவது, பக்கவாட்டில் நகரலாம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவைக் கடக்கும் வாலஸ் க்ரீக் என்ற ஓடை, பிளவைத் தொட்டதும் செங்குத்தாகத் திரும்பிச் சுமார் 130 மீட்டர் பக்கவாட்டில் ஓடி மறுபடி நேரே போகிறது. சுமார் 3,700 ஆண்டுகளில் சேர்ந்த இடப்பெயர்ச்சி அது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு மூன்றரை செ.மீ. வரும். இப்படி இழுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஓடை வளைந்து செல்லப் பிடிக்காமல் நேர்வழியை உடைக்கும். கீழே பழைய தடம் தலையில்லாமல் நிற்கும். அல்லது பக்கத்து ஓடையின் வாய் இந்த ஓடைக்கு எதிரே வந்து சேரும்.

நான்காவது, ஆறு போய்ச் சேரும் மட்டம் மாறலாம். கண்டம் பிளந்து கடல் உள்ளே வந்தால், நேற்று வரை கண்டத்தின் நடுவில் இருந்த மேட்டுநிலத்தின் வாசலில் இன்று கடல் நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலை இந்தக் கதைதான். மடகாஸ்கர் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், செஷல்ஸ் அதற்குப் பின்பும் பிரிந்தன. பிரிந்த அன்று தொடங்கிய போட்டி இன்னும் முடியவில்லை. படி 5-இல் இதற்குத் திரும்புவோம்.

இவை எல்லாம் எப்போதும் மெதுவாகவே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 1819 ஜூன் 16 அன்று கட்ச் பகுதியில் நிலநடுக்கம். அங்குள்ள ரண் என்ற உப்புச் சதுப்பின் குறுக்கே சுமார் 80 கி.மீ. நீளத்துக்கு, 6 மீட்டர் வரை உயரமான மேடு எழுந்தது. கடவுள் கட்டிய கரை என்ற பொருளில் மக்கள் அதை அல்லாஹ் பந்த் என்றார்கள். சிந்துவின் கிழக்குக் கிளையை அது மறித்தது. தெற்கே தாழ்ந்த நிலத்தில் சிந்த்ரி கோட்டை நீரில் மூழ்கியது. 1826-இல் வெள்ளம் வந்து அந்தக் கரையை உடைத்தது. தைவானில் 1999 செப்டம்பர் 21 நிலநடுக்கம் டா-ஆன் ஆற்றின் படுகையை 10 மீட்டர் வரை தூக்கிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆறு அந்தப் புதுப் பாறையில் 20 மீட்டர் ஆழக் குடைவை வெட்டிவிட்டது. ஒன்றில் நிலம் ஆற்றை நிறுத்தியது, மற்றதில் ஆறு நிலத்தை வெட்டியது. சிந்துவின் அந்தக் கிளையில் வெட்டுவதற்குச் சரிவும் இல்லை, நீரும் போதவில்லை. வித்தியாசம் அதுதான்.

படி 2: உயரத் தரவும் மென்பொருளும்

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு இன்றும் நல்ல தொடக்கம். ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். அதே அளவில் கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு இன்னும் சுத்தமாக இருக்கும். இந்தியாவுக்கு இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் தரவும் உண்டு. மென்பொருளுக்கு கியூஜிஐஎஸ், இலவசம்.

செய்ய வேண்டியவை சில. தரவைப் பாகை அளவிலேயே வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மீட்டர் அளவுக்கு மாற்றுங்கள்: குடகு, கோவைப் பக்கத்துக்கு யூடிஎம் என்ற மீட்டர் அளவுமுறையில் மண்டலம் 43 வடக்கு, கடோங்காவுக்கு 36. அப்புறம் கியூஜிஐஎஸ் உள்ளே இருக்கும் கிராஸ் கருவிகளில் ஆர்.வாட்டர்ஷெட் என்பதை ஓட்டுங்கள். எத்தனை கட்டங்கள் சேர்ந்தால் ஓடை என்று கொள்வது எனக் கேட்கும். 30 மீட்டர் கட்டம் என்றால் ஒரு சதுர கி.மீ.க்குச் சுமார் 1,100 கட்டங்கள். அதையே கொடுங்கள். நீரோட்டத் திசை, சேர்ந்த நீர்ப்பிடிப்புப் பரப்பு, ஓடைகள், வடிநில எல்லை நான்கும் கிடைத்துவிடும். வேறு கருவிகளில் பள்ளங்களை நிரப்பும் வேலையை முன்கூட்டியே செய்ய வேண்டும். இதில் அது வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ரேடார் பெரும்பாலும் பார்ப்பது தரையை அல்ல, மரங்களின் மேற்பகுதியை. மலைக்காட்டில் 20 மீட்டர் மரம் பல மீட்டர் மேடாகவே பதிவாகும், காடு முடியும் இடத்தில் இல்லாத பள்ளம் தெரியும். அடுத்தது சமதளம். கடோங்காச் சதுப்பு போன்ற இடங்களில் கருவி தனக்குத் தோன்றிய பக்கம் கோடு இழுத்துவிடும். நீர்ப்பிரிமேட்டை அங்கே செயற்கைக்கோள் படத்தோடு வைத்துச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

படி 3: எண்களுக்கு முன் கண்ணால் பாருங்கள்

கூகுள் எர்த்தில் ஓடை வலையைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முதலில் துணையாறுகள் சேரும் கோணம். சாதாரணமாகத் துணையாறு, முதன்மை ஆறு போகும் திசையிலேயே சாய்ந்து கூர்ங்கோணத்தில் சேரும். எதிர்த்திசையில் கொக்கி போட்டது போலச் சேர்ந்தால் முதன்மை ஆறு திரும்பியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். உகாண்டாவின் கியோகா ஏரியைப் பாருங்கள். விரல் விரலாக நீளும் அந்த ஏரி, நீரில் மூழ்கிய ஆற்று வலைதான். கிளைகள் எல்லாம் மேற்கு நோக்கி ஓடிய ஆற்றுக்கு உரிய கோணத்தில் இருக்கின்றன.

அடுத்து முழங்கை வளைவு. ஒரு திசையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த ஆறு திடீரென்று மடங்கும் இடம். வளைவுக்கு நேர் எதிரே, பழைய திசையின் நீட்சியில் நீரில்லாத தாழ்ந்த சேணம் இருக்கிறதா? அதற்கு அப்பால் பள்ளத்தாக்கின் அகலத்துக்குப் பொருந்தாத ஒல்லி ஓடை ஓடுகிறதா? மூன்றும் சேர்ந்தால் கவர்வு நடந்திருக்க நல்ல வாய்ப்பு. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பாறையில் உள்ள விரிசலைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஆறும் சரேலென மடங்கும்.

சாய்வைச் சந்தேகித்தால் ஒரு எளிய அளவு உண்டு. ஆறு போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வலப்பக்கப் பரப்பை மொத்த வடிநிலப் பரப்பால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 50-க்கு அருகில் வந்தால் சமம். 75 வந்தால் ஆறு இடப்பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, நிலம் இடப்பக்கம் சாய்ந்திருக்கலாம். சாய்ந்த பாறை அடுக்குகளும் இதே எண்ணைத் தரும் என்பதால் இதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆற்றின் நெடுக்குவெட்டு

ஆற்றின் வாயிலிருந்து தலை வரை தூரத்தையும் உயரத்தையும் வரைந்தால், நெடுநாள் அமைதியாக இருந்த ஆறு மேலே செங்குத்தாகவும் கீழே தட்டையாகவும் ஒழுங்கான வளைவாக வரும். அந்த ஒழுங்கு உடையும் படிதான் முறிவுப் புள்ளி. அருவி என்பது கண்ணுக்குத் தெரியும் முறிவுப் புள்ளி. ஷராவதியில் 253 மீட்டர் விழும் ஜோக் அருவியைப் போல.

கடல்மட்டமோ நிலத்தின் உயரமோ மாறியதும் அந்தச் செய்தி வாயில் தொடங்கி, முறிவுப் புள்ளியாக மேல்நோக்கி ஊர்ந்து போகும். அதற்குக் கீழே உள்ள ஆறு புது நிலைமைக்குப் பழகிவிட்டது. மேலே உள்ளதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. ஒரே வடிநிலத்தின் பல கிளைகளிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முறிவுப் புள்ளிகள் இருந்தால் இந்த ஊர்தல்தான் காரணம் என்று எண்ணலாம். எல்லாம் ஒரே பாறை எல்லையில் நின்றால் காரணம் பாறை. எல்லாம் ஒரு பிளவுக்கோட்டில் நின்றால் அங்கே நிலம் அசைகிறது.

அணைகளை மறந்துவிடாதீர்கள். ஷராவதியின் நெடுக்குவெட்டில் ஜோகுக்கு மேலே வரும் பெரிய தட்டைப் பகுதி லிங்கனமக்கி நீர்த்தேக்கம். நீர்மின் திட்டத்தைப் புவியோட்டு அசைவு என்று எழுதிவிடக் கூடாது.

வெவ்வேறு அளவுள்ள ஆறுகளை ஒப்பிட வெறும் சரிவு உதவாது. பெரிய ஆறு இயல்பாகவே தட்டையாகத்தான் இருக்கும். அதனால் சரிவை நீர்ப்பிடிப்புப் பரப்பின் 0.45 அடுக்கால் பெருக்கி, சீராக்கிய செங்குத்து எண் ஒன்றைப் பெறுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 100 சதுர கி.மீ., அதாவது 10 கோடி சதுர மீட்டர் நீர்ப்பிடிப்பு. அதன் 0.45 அடுக்கு சுமார் 3,980. அங்கே சரிவு 0.02 என்றால் எண் 80. மேட்டின் மறுபக்கம் அதே பரப்பில் சரிவு 0.004 என்றால் 16. பாறையும் மழையும் ஒன்றாக இருந்தால் முதல் ஆறுதான் வேகமாக அரிக்கிறது.

படி 5: மேட்டின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான். இடம்: தலைக்காவிரி.

பிரம்மகிரி மலையில் சுமார் 1,276 மீட்டர் உயரத்தில் காவிரி பிறக்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் அரபிக் கடல் 50 கி.மீ. அளவுதான். காவிரி ஆனால் கிழக்கே திரும்பி 800 கி.மீ. ஓடிப் பூம்புகாரில் கடல் காண்கிறது. மேட்டின் மறுபக்கம் குடகிலிருந்தே இறங்கும் பயஸ்வினி, காசர்கோடு பக்கம் சந்திரகிரியாகக் கடலில் கலக்கிறது. இறங்க வேண்டிய உயரம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே, தூரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மகாபலேஷ்வரில் பிறக்கும் கிருஷ்ணாவுக்கும், திரியம்பகத்தில் பிறக்கும் கோதாவரிக்கும் இதே நிலைதான். வாசலில் கடலை வைத்துக்கொண்டு நாடு முழுதும் சுற்றிப் போகிறார்கள். மேற்குக் கடற்கரை பிளந்து உருவாகும் முன்பிருந்தே கிழக்குச் சரிவு இருந்தது என்று கொண்டால் இதில் வியப்பில்லை. பழைய ஆறுகள் பழைய சரிவில் ஓடுகின்றன, மேற்கே புதிதாகத் திறந்த குறுக்குவழியில் சின்ன ஆறுகள் அவற்றின் தலையைக் குடைகின்றன.

சரி, அளப்போம். முதலில் எளிய மூன்று அளவுகள். மேட்டின் ஒரே இடத்தில் இரண்டு பக்க ஓடைகளையும் எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பைச் சேர்க்கும் புள்ளியைக் குறியுங்கள். அந்தப் புள்ளியின் உயரம், அதற்கு மேலே ஓடையின் சராசரிச் சரிவு, சுற்றுப்புறத்தின் உயர வேறுபாடு மூன்றையும் பதியுங்கள். புள்ளி தாழ்வாகவும், சரிவும் உயர வேறுபாடும் அதிகமாகவும் இருக்கும் பக்கம் ஆக்கிரமிக்கும் பக்கம். ஆகும்பே அருகில் இதைச் செய்தால் கண்ணை மூடிக்கொண்டே விடை சொல்லலாம்: கிழக்கே துங்காவின் ஓடைகள் 600 மீட்டருக்கு மேல் மேட்டுநிலத்தில் நிதானமாகத் திரிய, மேற்கே சீதா ஆற்றின் ஓடைகள் சில கிலோமீட்டரில் கடற்கரைச் சமவெளிக்கு விழுகின்றன. ஒரே இடத்தில் செய்து நிறுத்திவிடாதீர்கள். மேடு நெடுக இருபது, முப்பது இணைகளாவது எடுத்தால்தான் சத்தத்திலிருந்து செய்தி பிரியும்.

இந்த மூன்றும் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லும். இனி எங்கே போகும் என்று கேட்க இன்னொரு எண் இருக்கிறது. ‘கை’ என்ற கிரேக்க எழுத்தால் அதைக் குறிப்பார்கள். ஆற்றின் வாயிலிருந்து மேலே ஏறிவரும்போது ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அங்குள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கொண்டு எடைபோட்டுக் கூட்டுவது. பெரிய நீர்ப்பிடிப்புள்ள துண்டு கொஞ்சமாகக் கூட்டும், சின்ன ஓடையாக இருக்கும் துண்டு நிறையக் கூட்டும். நிலம் எங்கும் ஒரே வேகத்தில் எழுந்து, பாறையும் மழையும் ஒன்றாக இருந்தால், இந்த எண் அமைதி நிலையில் ஆறு இருக்க வேண்டிய உயரத்துக்கு நேர்விகிதம். ஆகவே மேட்டின் இரண்டு பக்கமும் ‘கை’ எண் சமமாக இருந்தால் சமாதானம். ஒரு பக்கம் அதிகம் என்றால் அந்தப் பக்கம் நிலத்தை இழக்கும். 2014-இல் ஆய்வாளர் சீன் வில்லட்டும் கூட்டாளிகளும் இதை வைத்து முழு ஆற்று வலைகளின் படத்தை வரைந்து காட்டினார்கள். நிறம் பூசிய அந்தப் படங்களைப் பார்த்த பிறகு நீர்ப்பிரிமேட்டை நிலையான கோடாக நினைப்பது கஷ்டம். கணக்கிட டோபோடூல்பாக்ஸ் போன்ற கருவிகள் உண்டு.

தலைக்காவிரியில் காவிரிப் பக்கம் பெரிய எண், பயஸ்வினிப் பக்கம் சிறிய எண் வரும். ஆக, காவிரி தலையை இழந்துகொண்டிருக்கிறதா? நீண்ட காலக் கணக்கில் போக்கு அதுதான். அடுத்த தலைமுறைக்கு ஆபத்து என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். இங்கே பேசுவது லட்சக்கணக்கான ஆண்டுகள்.

‘கை’ எண்ணின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு: ரொம்பச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதன் அடியில் இருக்கும் ‘எங்கும் ஒரே மாதிரி’ என்ற நிபந்தனையை எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆறுகளுக்கும் ஒரே அடிமட்டத்திலிருந்து கூட்டத் தொடங்க வேண்டும். ஒன்றை அணையிலிருந்தும் மற்றதைக் கடலிலிருந்தும் தொடங்கினால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு வடிநிலம் வேகமாக எழும் மலையிலும் மற்றது அசையாத நிலத்திலும் இருந்தால், ‘கை’ எண் சமமில்லாமலேயே மேடு நிலையாக நிற்கலாம். ஃபோர்ட்டே, விப்பிள் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-இல் வலியுறுத்தியது இதைத்தான்: முதலில் சொன்ன எளிய அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டினால் நம்பலாம். முரண்பட்டால் எளிய அளவுகளுக்கே என் ஓட்டு.

படி 6: நிலமா, பாறையா, மழையா

மேடு நகர்கிறது என்பது உறுதியானாலும் புவியோட்டு அசைவுதான் காரணம் என்று ஆகிவிடாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மேற்குச் சரிவில் பருவமழை கொட்டுகிறது. ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். மலையின் முதுகுக்குப் பின்னால் கிழக்கே அது மளமளவென்று குறைந்துவிடும். செங்குத்துச் சரிவைத் தந்தது பழைய கண்டப் பிளவு, அதை இன்று வேலை வாங்குவது மழை. இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும்.

பாறைக்கு ஒரு சோதனை: செங்குத்து எண்ணின் படத்தைப் பாறைப் படத்தின் மேல் வையுங்கள். எண் மாறும் கோடும் பாறை மாறும் கோடும் ஒட்டிக்கொண்டால் பாறைக்கே மதிப்பெண். மழைக்கு: நீர்ப்பிடிப்புப் பரப்புக்குப் பதில் மழையால் எடைபோட்ட பரப்பை வைத்து மறுபடி கணக்கிடுங்கள். வித்தியாசம் கரைந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் தப்பி, பிளவுக்கோட்டை ஒட்டியே வித்தியாசம் நின்றால் அப்போது நிலத்தின் அசைவைப் பற்றித் தைரியமாகப் பேசலாம்.

படி 7: காலமும் சாட்சியும்

இதுவரை செய்தது உருவத்தை வைத்த ஊகம். நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால் சாட்சி தேவை.

காற்றுக் கணவாயில் உருண்டைக் கூழாங்கல் கிடைத்தால் ஆறு ஓடியது உறுதி. அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்திருக்கும் என்று பார்த்தால் பழைய நீர்ப்பிடிப்பும் தெரியும். மணலில் உள்ள சிர்கான் என்ற கனிமத் துகள்களின் யுரேனியம்–ஈய வயதைப் பார்ப்பது இதே வேலையை ஆய்வகத்தில் செய்வது.

அரிப்பு வேகத்துக்கு பெரிலியம்-10. விண்கதிர்கள் பட்டு குவார்ட்ஸ் மணலில் உருவாகும் இதன் அரை ஆயுள் சுமார் 13.9 லட்சம் ஆண்டுகள். மேற்பரப்பில் நெடுநாள் கிடந்த மணலில் இது அதிகம் சேரும், வேகமாக அரிக்கப்பட்ட மணலில் குறைவாக இருக்கும். ஆற்றங்கரையில் ஒரு பை மணல் எடுத்தால் மேலே உள்ள முழு வடிநிலத்தின் சராசரி வேகம் கிடைக்கிறது. தென்னிந்தியாவில் மேட்டுநிலத்தை விட மேற்குச் சரிவில் வேகம் பல மடங்கு என்று காட்டியது இந்த முறைதான். எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணத்தின் பசால்ட் பாறைப் பகுதிக்கு இதே முறையைக் கொண்டு போனால் கை விரிக்க வேண்டியதுதான், அங்கே குவார்ட்ஸ் கிடைக்காது. குடகு, நீலகிரி, ஆனைமலையின் நைஸ் பாறைகளில் தாராளமாகக் கிடைக்கும்.

எனக்குப் பிடித்த சாட்சி மீன். நன்னீர் மீன் மலையேறிக் கடந்து போகாது, ஆறு கைமாறினால் ஆற்றோடு சேர்ந்தே போகும். நியூசிலாந்தின் நெவிஸ் ஆறு ஒரு காலத்தில் தெற்கே மடாவுரா ஆற்றுப் பக்கம் ஓடியது. நிலம் உயர்ந்ததில் திரும்பி இப்போது வடக்கே கவாராவ் வழியாகக் குளூத்தாவில் சேர்கிறது. அதில் வாழும் கேலாக்சியஸ் வகைச் சிறுமீனின் டிஎன்ஏவைப் பார்த்தால் குளூத்தா மீன்களோடு ஒட்டவில்லை, தெற்கத்தி உறவோடு ஒட்டுகிறது. பிரிந்து எத்தனை காலம் என்பதையும் அந்த டிஎன்ஏ வேறுபாடு தோராயமாகச் சொல்லும்.

எங்கே பழகலாம்

முதல் பயிற்சிக்குக் கடோங்கா, காஃபு, கியோகா மூன்றையும் ஒரே திரையில் வைத்துத் துணையாற்றுக் கோணங்களைக் குறியுங்கள். விடை தெரிந்த கணக்கு என்பதால் உங்கள் கண் சரியாகப் பார்க்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பாலக்காட்டுக் கணவாய். நீர்ப்பிரிமேடு என்றால் மலை உச்சி என்ற நினைப்பை உடைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. பொள்ளாச்சி அருகே ஓடும் ஆழியாறு மேற்கே போய்ப் பாரதப்புழாவில் கலக்கிறது. தாராபுரத்தில் ஓடும் அமராவதி கிழக்கே காவிரிக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது தென்னந்தோப்பும் காற்றாலையும் உள்ள சாதாரணச் சமவெளி. பாரதப்புழாவின் 6,186 சதுர கி.மீ. வடிநிலத்தில் 1,786 சதுர கி.மீ. தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. இங்கே எளிய அளவுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வருகின்றனவா என்று பாருங்கள். தரவின் பிழையை விடச் சிறிய வித்தியாசத்தை வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் இங்கே பழகலாம்.

மூன்றாவது, பவானி. நீலகிரியின் மேற்கில் பிறந்து கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி என்ற ஊரில் சரேலென்று வடகிழக்கே மடங்கி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. வளைவைப் பார்த்தால் கவர்வு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு பவானி நறுக்குப் பட்டை என்ற மிகப் பழைய நொறுங்கிய பாறைப் பட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆறு வெறுமனே அந்தப் பலவீனத்தைப் பிடித்து மடங்கியிருக்கவும் இடமுண்டு. படி 3 முதல் 6 வரை வரிசையாகச் செய்யுங்கள். வளைவுக்குத் தென்மேற்கே மன்னார்க்காடு பக்கம் இறங்கும் விளிம்பில் தாழ்ந்த சேணங்களைத் தேடி, இரண்டு பக்கமும் ஓடை இணைகளை அளந்து வையுங்கள். கூழாங்கல் தேடி நேரில் போவதென்றால் அது அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடு, வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கடி நிச்சயம், ஜனவரி வாக்கில் போங்கள்.